மகாரி: ஒரே சொல்லில் ஆசையும் ஐயமும்

இத்தாலியில் 'பார்' என்றால் பெரும்பாலும் காப்பிக் கடை. காலையில் அங்கே நின்றபடியே காப்பியை விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறவர்களின் பேச்சைக் கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்டால் 'மகாரி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்து விழும். 'காந்தி' என்பதில் வரும் 'கா'வைப் போல நடு எழுத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். "உனக்கு லாட்டரியில பணம் விழுந்துடுச்சாமே?" என்று ஒருவர் கேட்கிறார். "மகாரி!" என்று பதில் வருகிறது. இல்லை என்று அர்த்தம். "இன்னொரு காப்பி சொல்லட்டுமா?" என்று அவரே கேட்கிறார். அதற்கும் "மகாரி!" என்றுதான் பதில். இப்போது ஆமாம் என்று அர்த்தம், அதுவும் மனம் நிறைந்த ஆமாம்.

இத்தாலிய மொழியைப் புதிதாகக் கற்கும் அயலார் தடுமாறும் இடங்களில் இது ஒன்று. இல்லை என்பதற்கும் ஆமாம் என்பதற்கும் ஒரே சொல் எப்படி இருக்க முடியும்? அகராதியைப் புரட்டினால் குழப்பம் கூடுகிறது. வியப்புச் சொல்லாக வரும்போது 'அப்படி நடக்கக் கூடாதா' என்கிறது. இணைப்புச் சொல்லாக வரும்போது 'ஆனாலும் சரி' என்கிறது. வினையடையாக வரும்போது 'ஒருவேளை' என்றும், 'கூட' என்றும் சொல்கிறது. ஏக்கம், விட்டுக்கொடுத்தல், ஐயம், மிகுதி என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் ஒரே தலைப்பின்கீழ் எண் போட்டு அடுக்கப்பட்டிருக்கின்றன. இவை தனித்தனி அறைகள் அல்ல, ஒரே தெருவில் அடுத்தடுத்து வரும் வீடுகள் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அந்தத் தெரு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைத் தமிழ் இலக்கணம் அறிந்தவர்களால் எளிதில் பார்த்துவிட முடியும்.

மழையிலிருந்து தொடங்கலாம். வீட்டைவிட்டுக் கிளம்பும் மகனிடம் ஒரு தாய், குடையை எடுத்துக்கொள், 'மகாரி பியோவே' என்கிறாள். மழை வந்தாலும் வரும் என்று பொருள். மழை வரவேண்டும் என்று அவள் ஆசைப்படவில்லை, பிள்ளை நனைந்துவிடக் கூடாதே என்ற கவலைதான். வறண்டு கிடக்கும் வயலைப் பார்த்தபடி ஓர் உழவர், 'மகாரி பியோவெஸ்ஸே' என்கிறார். மழை வரக்கூடாதா என்று பொருள். சொல் ஒன்று, மழையும் ஒன்று. மாறியது வினையின் ஈறு மட்டும். 'பியோவே' நடப்பதைச் சொல்லும் சாதாரண நிகழ்கால வினை. 'பியோவெஸ்ஸே' நடக்காததை, மனத்தில் மட்டும் இருப்பதைச் சொல்லும் வினைவடிவம். இத்தாலிய இலக்கணத்தில் அதற்குக் 'கொஞ்ஜுன்தீவோ' என்று பெயர். இன்னும் ஒரு படி பின்னால் போய், 'மகாரி லவெஸ்ஸி சபூத்தோ' என்றால் 'எனக்கு முன்பே தெரிந்திருக்கக் கூடாதா' என்றாகும். நடந்து முடிந்துவிட்டது, இனி மாற்ற முடியாது, ஆனாலும் மனம் ஆறவில்லை.

ஆக, மகாரியின் பொருளை மகாரியே தீர்மானிப்பதில்லை. அது ஒரு வாசலைத் திறந்துவிடுகிறது; எந்த அறைக்குள் நுழைவது என்பதை அடுத்து வரும் வினை சொல்கிறது. வினையே இல்லாமல் தனியாக நிற்கும்போது, எதிரில் இருப்பவர் கேட்ட கேள்வி அந்த வேலையைச் செய்கிறது. லாட்டரி விழுந்ததா என்பது நடந்ததைப் பற்றிய கேள்வி. ஆசை மட்டுமே மிச்சம் என்று பதில் சொன்னால் அது இல்லை என்றாகிவிடுகிறது. காப்பி வேண்டுமா என்பது இனி நடக்கப்போவதைப் பற்றிய கேள்வி. அதற்கு ஆசை என்று பதில் சொன்னால் ஆமாம் என்றாகிவிடுகிறது. இரண்டு இடத்திலும் பேசுபவர் சொன்னது ஒன்றுதான்: எனக்கு ஆசை.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது? சொற்பிறப்பு ஆய்வாளர்கள் கிரேக்க மொழியைக் காட்டுகிறார்கள். 'மகாரியோஸ்' என்றால் பேறு பெற்றவன், பாக்கியசாலி. அதன் விளி வடிவம் 'மகாரியே': பேறு பெற்றவனே! ஹோமரின் காவியங்களில் இதன் மூல வடிவமான 'மகார்' தேவர்களுக்குரிய அடைமொழி. சாவும் கவலையும் அண்டாதவர்கள் அவர்கள். பிறகு இறந்து நற்கதி அடைந்தவர்களுக்கும் இச்சொல் போய்ச் சேர்ந்தது. மேற்குக் கடலில் அவர்கள் வாழும் தீவுகள் இருப்பதாகக் கிரேக்கர்கள் நம்பினார்கள். கேனரி, மதேய்ரா, அசோர்ஸ், கேப் வெர்டே தீவுக் கூட்டங்களைச் சேர்த்து இன்று 'மக்கரோனேசியா' என்று அழைப்பது அந்த நம்பிக்கையின் எச்சம். இன்றைய கிரேக்கத்தில் மறைந்த ஒருவரைக் குறிப்பிடும்போது 'மகாரீத்திஸ்' என்பார்கள். தேவர்களுக்குரிய 'அமரர்' என்ற சொல்லை இறந்தவர் பெயருக்கு முன்னால் போடும் நமக்கு இது புதிதாகத் தோன்றாது.

இதே சொல்லைத் தமிழ் வாசகர்கள் இன்னோர் இடத்தில் ஏற்கெனவே சந்தித்திருக்கிறார்கள். மத்தேயு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் இயேசுவின் மலைப்பொழிவு தொடங்கும் இடத்தில், கிரேக்க மூலத்தில் 'மகாரியோய்' என்ற பன்மைச் சொல் 9 முறை அடுத்தடுத்து வருகிறது. பழைய தமிழ் விவிலியம் அதைப் 'பாக்கியவான்கள்' என்றது. பிற்காலத் திருவிவிலியம் 'பேறுபெற்றோர்' என்றது. இந்தப் பாக்கியவான்களின் உறவுக்காரச் சொல்தான் இன்று இத்தாலியக் காப்பிக் கடையில் புழங்குகிறது.

பேறு பெற்றவனே என்ற விளி எப்படி 'நடக்கக் கூடாதா' ஆயிற்று என்பதற்கு நான் அதிக விளக்கம் தர வேண்டியதில்லை. "வெளிநாடெல்லாம் சுத்திப் பார்த்துட்டு வந்தீங்களாமே?" என்று கேட்டால் நம் ஊரில் என்ன பதில் வரும்? "அதுக்கெல்லாம் கொடுத்து வச்சிருக்கணுமே!" கொடுத்து வைத்தவர் என்றால் பாக்கியசாலி. கொடுத்து வைத்திருக்க வேண்டுமே என்றால் எனக்கு அந்தப் பாக்கியம் இல்லை, ஆனால் ஆசை உண்டு. லாட்டரிக் கேள்விக்கு வந்த 'மகாரி' அப்படியே இதுதான். இரண்டு மொழிகளுக்கும் இடையே எந்த உறவும் இல்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று கடன் வாங்கவும் இல்லை. பாக்கியத்தைப் பற்றிய சொல் ஏக்கத்தைப் பற்றிய சொல்லாக மாறுவது மனித மனத்தின் இயல்பான நகர்வு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. காப்பிக் கேள்விக்கு வந்த 'மகாரி'க்கும் நம்மிடம் பதில் இருக்கிறது: "கரும்பு தின்னக் கூலியா?"

இத்தாலிக்குள் இந்தக் கிரேக்கச் சொல் நுழைந்ததில் வியப்பில்லை. தென்னித்தாலியிலும் சிசிலியிலும் கிறிஸ்துவுக்கு முன்பே கிரேக்கர்கள் குடியேறியிருந்தார்கள். பிறகு பேரரசர் ஜஸ்டீனியனின் படைகள் 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியைக் கைப்பற்றின. கிரேக்கம் பேசிய பைசாந்திய ஆட்சி ரவென்னாவில் 751 வரையும், தெற்கே பாரி நகரில் 1071 வரையும் நீடித்தது. இத்தாலியர் மாமாவையும் சித்தப்பாவையும் அழைக்கும் 'ட்சியோ' என்ற சொல்லே கிரேக்கத்திலிருந்து பிற்கால லத்தீன் வழியாக வந்தது. வடக்கே தர்பூசணியைக் குறிக்கும் 'அங்கூரியா'வும் கிரேக்கம்தான். உறவுமுறையும் பழமும் வந்த வழியில் ஏக்கமும் வந்து சேர்ந்தது.

எழுத்தில் இது பழமையானது. சிசிலியில் 13ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சியேலோ தல்காமோ இயற்றிய, காதலனும் காதலியும் மாறி மாறி வாதாடும் ஒரு நெடும்பாட்டில் 'மகாரா' என்ற வடிவம் வருகிறது. பேரரசர் 2ஆம் பிரெடெரிக்கை உயிருடன் இருப்பவராக வாழ்த்தும் அந்தப் பாட்டு, அவர் இறந்த 1250க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும். தாந்தே பிறந்ததே 1265இல். இத்தாலிய இலக்கியத்தின் முதல் தலைமுறையிலேயே இந்தச் சொல் வேரூன்றிவிட்டது.

இனிதான் சிக்கலான பகுதி. 'நடக்கக் கூடாதா' என்ற ஏக்கம் 'ஒருவேளை' என்ற வெறும் ஐயமாக எப்படித் தேய்ந்தது? ஆசைப்படுவதால் அது நடக்கக்கூடியது என்று மனம் நம்பத் தொடங்குகிறது, அதனால் ஐயமாயிற்று என்று சுருக்கமாக முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. குடையை எடுத்துக்கொள் என்கிற தாயிடம் மழைக்கான ஆசை துளியும் இல்லையே. நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. அந்தப் படியை மத்தியதரைக் கடலின் மற்றக் கரைகளில் தேட வேண்டும்.

அதே கிரேக்கச் சொல் கிழக்கே பால்கன் நாடுகளுக்குள்ளும் போயிருக்கிறது. ருமேனிய மொழியில் 'மக்கர்' என்றால் 'குறைந்தது அதுவாவது'. செர்பிய மொழியில் 'மாகார்' என்றால் 'ஆவது' என்றும் 'ஆனாலும்' என்றும் பொருள். பல்கேரிய மொழியிலும் 'இருந்தபோதிலும்' என்ற பொருளில் வருகிறது. மேற்கே, பழைய ஸ்பானிய மொழியில் 'மகேர்' என்ற வடிவத்தில் 'இருந்தாலும்' என்று பொருள்பட்டது. நேப்பிள்ஸ் நகரில் வாழ்ந்த ஹுவான் தெ வால்தேஸ் என்ற ஸ்பானியர் 1535ஐ ஒட்டி எழுதிய மொழி பற்றிய உரையாடல் நூலில், இந்தச் சொல் மதிப்பிழந்து வருவதைக் குறித்திருக்கிறார். பிறகு அது வழக்கொழிந்தது. ஆசையைச் சொல்ல ஸ்பானியர்கள் அரபியிலிருந்து வந்த 'ஒஹலா'வைக் கைக்கொண்டார்கள். கடவுள் நாடினால் என்பது அதன் வேர்ப்பொருள். (பாரசீகத்திலும் இந்தியிலும் உள்ள 'மகர்' ஒலியில் ஒத்திருந்தாலும் வேறு வேரிலிருந்து வந்தது, இங்கே அதைச் சேர்க்கக் கூடாது.)

கிரேக்கத்தைவிட்டு வெளியேறிய சொல் கிழக்கிலும் மேற்கிலும் 'ஆனாலும்' என்ற விட்டுக்கொடுக்கும் பொருளில் நிலைத்திருக்கிறது. இத்தாலிய மொழியிலும் அது உண்டு: விடிய விடிய உழைக்க வேண்டியிருந்தாலும் சரி, இதை முடித்தே தீருவேன் என்று சொல்ல மகாரியைப் பயன்படுத்தலாம். விடுபட்ட படி இதுவே. ஆசையிலிருந்து விட்டுக்கொடுத்தலுக்கு, அங்கிருந்து ஐயத்துக்கு.

இந்த இரண்டு நகர்வுகளையும் தமிழ் நம் கண்முன்னே செய்து காட்டுகிறது. 'அவன் நன்றாக இருக்கட்டும்' என்பது வாழ்த்து, ஆசை. 'அவன் எவ்வளவு பெரிய ஆளாக வேண்டுமானாலும் இருக்கட்டும், நான் அஞ்சமாட்டேன்' என்பதில் அதே 'இருக்கட்டும்' ஆசையைத் துறந்து விட்டுக்கொடுத்தலாகிவிட்டது. முதல் நகர்வு முடிந்தது. 'மழை வந்தாலும் நான் போவேன்' என்பதில் வரும் 'வந்தாலும்' விட்டுக்கொடுத்தல். 'மழை வந்தாலும் வரும்' என்பதில் அதே 'வந்தாலும்' வெறும் ஐயம். இரண்டாவது நகர்வும் முடிந்தது. இத்தாலிய மொழி ஒரே சொல்லை வைத்து நடந்த தூரத்தைத் தமிழ் இரண்டு வினையீறுகளை வைத்து நடந்திருக்கிறது. குடை எடுத்துக்கொள்ளச் சொன்ன தாயின் வாக்கியத்தில் ஆசை இல்லாமல் போனது ஏன் என்பது இப்போது விளங்குகிறது.

'உம்' என்ற இடைச்சொல்லுக்குத் தொல்காப்பியர் 8 பொருள்கள் சொல்கிறார். அவற்றில் எச்சமும் இருக்கிறது, சிறப்பும் இருக்கிறது, ஐயமும் இருக்கிறது. 'அவனும் வந்தான்' என்னும்போது எச்சம். 'குறவரும் மருளும் குன்று' என்று உரையாசிரியர்கள் காட்டும் வகை சிறப்பு. குறவர்கள்கூட வழி தடுமாறுவார்கள் என்ற மிகுதி. 'அவன் வெல்லவும் கூடும்' என்னும்போது ஐயம். சிசிலிக்குப் போனால் மகாரியின் உள்ளூர் வடிவமான 'மகாரி', ககரத்தை வன்மையாக ஒலித்து, 'கூட', 'உம்' என்ற எச்சப் பொருளில் சர்வசாதாரணமாகப் புழங்குகிறது. 1994இல் வெளிவந்த முதல் நாவலிலிருந்தே இன்ஸ்பெக்டர் மொந்தல்பானோவைச் சிசிலிய மணத்தோடு பேசவைத்த ஆந்திரேயா கமில்லேரியின் பக்கங்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். ரோமிலும் மிலானிலும் உள்ள வாசகர்கள் அதைத் தங்கள் மகாரியாக எடுத்துக்கொண்டால் வாக்கியம் பொருள் மாறிவிடும். ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தச் சொல் அவ்வளவு தூரம் விலகியிருக்கிறது.

தொல்காப்பியத்தின் இடையியலில் இன்னொரு சொல்லும் என் நினைவுக்கு வருகிறது: 'தில்'. விழைவு, காலம், ஒழியிசை என்று அதற்கு மூன்று பொருள் சொல்கிறார் தொல்காப்பியர். குறுந்தொகை 14ஆம் பாட்டில், மடலேறத் துணிந்த தலைவன் அவளைத் தான் அடைய வேண்டும் என்றும் அதை இந்த ஊர் அறிய வேண்டும் என்றும் ஏங்கும் இரண்டு இடங்களிலும் 'தில்' வருகிறது. அது வியங்கோள் வினையின்மேல் ஏறி நிற்கிறது, மகாரி கொஞ்ஜுன்தீவோ வினையோடு சேர்ந்து நிற்பதைப் போலவே. ஒழியிசை என்பது சொல்லாமல் விட்ட மிச்சத்தைக் கேட்பவர் மனத்தில் ஒலிக்கவைப்பது. கேள்விக்குப் பதிலாக ஒற்றைச் சொல்லாக வந்து நிற்கும் 'மகாரி!'யை விளக்க, நான் படித்த எந்த இலக்கணக் கலைச்சொல்லும் இதைப் போலப் பொருந்தவில்லை. 'தில்' பிற்காலத் தமிழில் வழக்கொழிந்தது. மகாரி நாளுக்கு நாள் விரிந்துகொண்டிருக்கிறது.

அது விரியும் திசை பேச்சு நாகரிகத்தின் பக்கம். 'மகாரி நாளைக்குப் பேசுவோம்' என்று ஓர் இத்தாலியர் சொன்னால் பேசுவார் என்றும் இல்லை, பேசமாட்டார் என்றும் இல்லை. நம் 'பாக்கலாம்' எப்படியோ அப்படி. கல்யாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டவரிடம் 'பாக்கலாம்' என்று சொன்னால் அவர் புரிந்துகொள்வார். யாரும் பொய் சொல்லவில்லை, யார் முகமும் வாடவில்லை. யோசனை சொல்லும்போதும் இதே மென்மை: இதை மகாரி கொஞ்சம் சுருக்கினால்? உத்தரவாக ஒலிக்க வேண்டியது வேண்டுகோளாக இறங்கிவிடுகிறது.

மென்மையாக்கும் சொல்லே குத்தவும் செய்யும். 'மகாரி பொத்தேவி திர்மேலோ ப்ரீமா' என்றால் 'முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்ற குறை. வேலையைக் கெடுத்துவிட்டு நிற்பவரைப் பார்த்து, 'மகாரி நன்றி வேறு எதிர்பார்ப்பார்' என்று சொல்லும்போது அது சுள்ளென்று படும். "இதுல நன்றி வேற சொல்லணுமாம்" என்று நாம் சொல்வோமே, அந்த 'வேற'வின் வேலையை அங்கே மகாரி செய்கிறது. பேறு பெற்றவனே என்று தேவர்களை விளித்த சொல், இன்று ஒருவரின் பேராசையைச் சுட்டவும் உதவுகிறது.

'ஒருவேளை' என்பதற்கு இத்தாலிய மொழியில் 'ஃபோர்ஸே' என்ற வேறொரு சொல் உண்டு. லத்தீனில் தற்செயலைக் குறிக்கும் 'ஃபோர்ஸ்' என்பதிலிருந்து வந்தது அது. 'ஃபோர்ஸே' கணக்குப் பார்க்கும் சொல். பேசுபவர் எந்தப் பக்கமும் சாய்வதில்லை. மகாரி அப்படி இருப்பதில்லை. ஆசை முழுவதும் தேய்ந்துபோன இடங்களிலும் பேசுபவரின் அக்கறை அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. குடையை நினைவூட்டும் தாய் 'ஃபோர்ஸே பியோவே' என்றும் சொல்லலாம், இலக்கணப் பிழை இல்லை. ஆனால் அது வானிலை அறிக்கையின் குரலாக இருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்கள் தோற்கும் இடம் இதுவே. ஜினேவ்ரா எல்கான் இயக்கிய 'மகாரி' என்ற படம் 2019இல் லொக்கார்னோ திரைப்பட விழாவைத் தொடங்கிவைத்தது. பிரிந்துபோன பெற்றோர் மீண்டும் சேரமாட்டார்களா என்று ஏங்கும் மூன்று பிள்ளைகளின் கதை. ஆங்கிலத்தில் அதற்கு 'இஃப் ஒன்லி' என்று பெயர் வைத்தார்கள். ஏக்கம் வந்துவிட்டது. ஆனால் ஒருவேளை சேர்ந்துவிடுவார்களோ என்று பிள்ளைகள் மனத்தில் மினுக்கும் அந்த இன்னொரு பொருள் கழன்று விழுந்துவிட்டது. ஆங்கிலத்தில் ஏக்கத்துக்கு ஒரு தொடர், ஐயத்துக்கு வேறு சொல். இரண்டையும் ஒன்றாகப் பிடிக்க வழியில்லை. 'சேர்ந்துவிட்டால்...' என்று முடிக்காமல் நிறுத்தினால் தமிழில் இரண்டும் ஒலிக்கும்.

இத்தாலியப் படைப்புகள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே தமிழுக்கு வருகின்றன. ஆங்கிலத்தில் இரண்டாகப் பிளந்த மகாரி நம் கைக்கு வரும்போது பல இடங்களில் வெறும் 'ஒருவேளை'யாக வந்து நிற்கும். 'கொடுத்து வச்சிருக்கணும்', 'கரும்பு தின்னக் கூலியா', 'வந்தாலும் வரும்', 'பாக்கலாம்', 'இதுல இது வேற' என்று மகாரியின் ஒவ்வொரு வீட்டுக்கும் நம்மிடம் சாவி இருக்கும்போது இது தேவையற்ற இழப்பு. நேரடியாக இத்தாலிய மொழி கற்று மொழிபெயர்க்க முன்வரும் இளைஞர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மகாரி வரும் இடத்தில் அகராதியைத் திறக்கும் முன் அடுத்த வினையின் ஈற்றைப் பாருங்கள். 'பியோவே' என்றிருந்தால் குடையை எடுத்து வையுங்கள். 'பியோவெஸ்ஸே' என்றிருந்தால் அந்த உழவர் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்.